ஆறு வருடமாக ஒரே வெப்சைட்: எதை வைத்தேன், எதைத் தூக்கினேன்

பழுதுபார்க்கும் சின்னத் தொழில் ஒன்றுக்கு ஆறு வருடமாக வெப்சைட் வைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்தே பக்கம். கட்டிக் கொடுத்தது ஒரு டெவலப்பர், மூன்றாவது மாதத்திலிருந்து நானேதான் பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் இருந்ததில் இன்று மிச்சம் இருப்பது லோகோவும் கேலரி பக்கமும் மட்டும்தான். அவர் மேல் பெரிய தப்பில்லை, பாதிக்கு மேல் நான் அடம்பிடித்துக் கேட்டு வாங்கியவை.

முதலில் போனது ஸ்லைடர். ஐந்து படம், மாறி மாறி ஓடும், ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து இறக்கியபடியே கிட்டத்தட்ட 4 எம்பி. என் வைஃபையில் பளிச்சென்று வந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் என் எதிரிலேயே போனில் சைட்டைத் திறந்தார். வெள்ளைத் திரை, அப்புறம் முதல் படத்தின் மேல்பாதி மட்டும் மெதுவாக இறங்குகிறது, அதற்குள் மனிதர் பேக் பட்டனை அழுத்திவிட்டார். "சைட்டு வரமாட்டேங்குது சார்" என்று போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரியே ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம் வைத்தேன், 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) என்கிற, ஃபைல் அளவைச் சிறிதாக்கும் பட வடிவம், 90 கேபி. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், அதற்குள் வந்துவிட்டது. பிறகு எங்கேயோ படித்துவிட்டு எல்லாப் படத்துக்கும் லேஸி லோடிங் (படம் திரைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் இறங்கும் ஏற்பாடு) போட்டேன், மறுபடி மெதுவாகிவிட்டது! திறந்ததும் கண்ணில் படும் முதல் படத்துக்கு அதைப் போடவே கூடாதாம், கீழே இருப்பவற்றுக்குத்தான்.

போன் நம்பர் கதை இன்னும் கேவலம். அழகாக இருக்கட்டும் என்று பேனர் படத்துக்குள்ளேயே நம்பரை வரைந்து வைத்திருந்தோம். தொட்டால் கால் போகாது, நகலெடுக்கவும் முடியாது. ஒருவர் பேப்பரில் குறித்துக்கொண்டுபோய் டயல் செய்ததாகச் சொன்னபோதுதான் விஷயமே தெரிந்தது. இப்போது நம்பர் சாதாரண எழுத்தில், தொட்டதும் அழைக்கும் லிங்க்காக, எல்லாப் பக்கத்திலும் மேலேயே இருக்கிறது. ஆறு வருடத்தில் செய்த மாற்றங்களில் இதற்குப் பிடித்த நேரம் ஐந்து நிமிடம், பலன் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

நிறம். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து அப்போது ஸ்டைல் என்று நினைத்தேன். எங்கள் சாம்பலின் குறியீடு #999999, வெள்ளைமேல் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சுமார் 2.85க்கு 1. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லோரும் வெப்சைட்டைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 கேட்கின்றன. வெயிலில் நின்று போனைப் பார்க்கிறவருக்கு விதி எதுவும் தெரிய வேண்டாம், எழுத்து தெரியவில்லை, அவ்வளவுதான். #595959 ஆக்கினேன், 7க்கு 1 வந்தது. கூடவே எழுத்தை 16 பிக்சலுக்கு ஏற்றினேன் (ஐபோனில் ஃபார்ம் கட்டங்களின் எழுத்து அதற்குக் கீழே இருந்தால், தொட்டதுமே திரை தானாகப் பெரிதாகிவிடும், எரிச்சல்). தமிழ் வரிகளுக்கு இடைவெளியையும் கூட்ட வேண்டியிருந்தது. மேலே கீயின் சுழி, கீழே கூவின் வால், ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. இப்போது வரியின் உயரம் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு, கண்ணுக்கு நிம்மதி.

என்னை உண்மையிலேயே நஷ்டப்படுத்தியது தொடர்பு ஃபார்ம். ஒன்பது கட்டம் இருந்தது, பெயர், போன், என்ன பிரச்சினை என்று மூன்றாகக் குறைத்தேன், நிறையப் பேர் நிரப்புவார்கள் என்று காத்திருந்தால் ஒன்றுமே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து எதற்கோ ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்தால் பதினான்கு பேர் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். காரணம் என்னவென்றால், பழைய ஃபார்மில் மின்னஞ்சலும் ஒரு கட்டமாக இருந்தது, நான் அதை எடுத்தபோது "அனுப்புநர்" இடத்தில் எங்கள் டொமைனுக்கு (வெப்சைட்டின் பெயருக்கு) சம்பந்தமே இல்லாத ஒரு முகவரியைப் போட்டுவிட்டேன், அது போலி மெயில் போலத் தெரிந்து ஸ்பேமுக்குத் தள்ளப்பட்டது. அனுப்புநரை எங்கள் சொந்த டொமைன் முகவரியாக்கி, அதற்குரிய எஸ்பிஎஃப் (SPF) பதிவையும், அதாவது எங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவையும், சரிசெய்த பிறகு ஒழுங்காக வருகிறது. இப்போதும் மாதம் ஒருமுறை நானே நிரப்பி அனுப்பிப் பார்க்கிறேன், அந்தப் பதினான்கு பேரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மெனுவில் "எங்கள் பயணம்", "தொலைநோக்கு", "தீர்வுகள்" என்றெல்லாம் இருந்தது. கணக்கெடுத்துப் பார்த்தால் ஒருவரும் தொடவில்லை. பழுதான பொருளோடு வருகிறவருக்கு என் பயணம் எதற்கு? "என்னென்ன சரிசெய்கிறோம்", "கட்டணம்", "தொடர்பு" என்று மாற்றினேன். படங்களுக்கு அகல உயரம் குறிக்காததால் லோட் ஆகும்போது பக்கம் துள்ளிக்கொண்டிருந்தது, ஒரு பட்டனைத் தொடப்போனால் இன்னொன்றில் விரல் படும், அதுவும் சரியாகிவிட்டது. சைட்டோடான இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் ஒருமுறை தானாகப் புதுப்பிக்காமல் நின்று, அரை நாள் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கைதான் தரிசனம் கொடுத்தது. காலாவதித் தேதியை இப்போது காலண்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.

கேலரி பக்கத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. நாற்பது படம், எது என்ன வேலை என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. பாதிக்குமேல் எனக்கே எந்த வேலை என்று ஞாபகமில்லை, ஞாபகம் இருக்கிற பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கலாம் என்று இருக்கிறேன்.