ஏற்காடு ஏரிக்கரை சாரணர் முகாமா, சேலத்திலேயே பகல் முகாமா, ரிசார்ட் கேம்ப்பா?

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் தெருவில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு மூன்று வழிகள் வந்தன. பெரியவன் ஏழாம் வகுப்பு, பள்ளியில் சாரணர் படையில் இருக்கிறான். அந்தப் படை ஏற்காட்டில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு மைதானத்தில் டென்ட் அடித்துத் தங்கும் முகாமுக்குக் கூட்டிப் போகிறது. இன்னொன்று சேலத்திலேயே நடக்கும் பகல் முகாம், காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டி வந்துவிடலாம். மூன்றாவது, மலையில் ரிசார்ட் மாதிரி இடங்களில் தனியார் நடத்தும் அட்வென்ச்சர் கேம்ப். நாங்கள் அனுப்பியது சாரணர் முகாமுக்கு. அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெயில்: சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆக மேலே எட்டு டிகிரி வரை குளுமை. ஆனால் மலையில் நடக்கும் இரண்டு முகாம்களுக்கும் இது பொது, அவற்றுக்குள் தேர்ந்தெடுக்க இது உதவாது. பணம்: பகல் முகாம் மலிவு, சாரணர் முகாம் அதைவிடக் கொஞ்சம் கூட, ரிசார்ட் கேம்ப் பல மடங்கு. பாதை: 20 கொண்டை ஊசி வளைவு, யார் கூட்டிப் போனாலும் குமட்டுகிற பிள்ளைக்குக் குமட்டும்.

அப்புறம் ஏரி. கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஏரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் முடிவெடுக்க ஏரி ஒரு காரணமே இல்லை. ஏற்காடு ஏரியில் பிள்ளைகளை இறங்கிக் குளிக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஒரு படகுச் சவாரி, பக்கத்து அண்ணா பூங்காவில் ஒரு சுற்று, அவ்வளவுதான். மலையில் நடக்கும் இரண்டு முகாம்களிலும் இது உண்டு. பறவை பார்க்க வேண்டும் என்றால் பகல் முகாம்காரர்கள் கூட்டிப் போகும் கன்னங்குறிச்சி மூக்கனேரியே எனக்கு மேலாகத் தெரிகிறது. தன்னார்வலர்கள் தூர்வாரிய மண்ணைக் குவித்து ஏரிக்குள் சின்னச் சின்னத் தீவுகள் உண்டாக்கி மரம் வைத்திருக்கிறார்கள், காலையில் போனால் சத்தமே வேறு. மே மாத ஏற்காடு ஏரிக்கரையில் பறவைச் சத்தத்தைவிட ஹாரன் சத்தம்தான் அதிகம் கேட்கிறது.

என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும்? காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை மூன்று இடத்திலும் நல்லவிதமாகவே ஓடிவிடும். முடிச்சுப் போடுவது, முதலுதவி, திசை பார்ப்பது என்று பகல் முகாமிலும் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே ஐந்து மணிக்கு நாம் வண்டியோடு போய் நிற்போம், வருகிற வழியில் தட்டுவடை செட், வீட்டுக்கு வந்தால் குளியல், போன், நாம் போடும் தோசை. நாற்காலிக் காலில் க்ளோவ் ஹிட்ச் போடத் தெரிந்த பிள்ளைக்கு அந்த முடிச்சு எதற்கு என்று அன்றைக்கு ராத்திரி தெரிய வாய்ப்பே வராது.

ரிசார்ட் கேம்ப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அண்ணன் மகள் போய் வந்து சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். ஜிப் லைன், கயிற்றுப் பாலம், சுவர் ஏறுவது என்று சாகசம் எல்லாம் அங்கேதான் தரமாக இருக்கிறது. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் சரியாக மாட்டித்தான் ஏற்றுகிறார்களாம். சாரணர் முகாமில் அந்த அளவுக்குக் கருவிகள் கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ராத்திரி? பஃபே சாப்பாடு, பாட்டு போட்டு ஆட்டம், பிறகு டார்மிட்டரியில் டிவி. தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகலாம். அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இந்த வருடமும் போகிறாள். அண்ணன் என்னிடம், "ஏம்மா, காசு கட்டிப் பாத்திரம் தேய்க்கவா பையனை அனுப்புறே?" என்று கேட்டான். ஆமாம், அதற்குத்தான்.

சாரணர் முகாமில் ஆறு, ஏழு பேர் ஓர் அணி. அணித் தலைவனும் பையன்தான், கொஞ்சம் பெரிய பையன். அரிசி, பருப்பு, காய் எல்லாம் அணிவாரியாக அளந்து கொடுத்துவிடுவார்கள், ஆக்கித் தின்பது அவர்கள் பாடு. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கீழே ஆவதைவிட நேரம் பிடிக்கும். விறகும் ஈரம். முதல் நாள் என் மகனின் அணி சாப்பிட ஒன்பதரை ஆனதாம், பக்கத்து அணி பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து எட்டுக்கெல்லாம் முடித்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்ததும் இவர்கள் செய்த முதல் வேலை பருப்பை ஊறப்போட்டது. சாரண ஆசிரியர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், அடுப்பு பக்கம் விலகாமல் நின்றிருக்கிறார், ஆனால் பருப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொறுமைக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் மழை. மே மாதம் ஏற்காட்டில் மத்தியானம் வரை வெயில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு இறங்குவது புதிதில்லை. டென்ட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், இறுகினால் முளையையே பிடுங்கிவிடும், அதனால் படுக்கப்போகும் முன் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும். இதெல்லாம் பகலில் வகுப்பாகவும் சொல்லித் தந்ததுதான். ராத்திரி பதினோரு மணிக்கு முளை பிடுங்கிக்கொண்டு டென்ட் ஒரு பக்கம் சாய்ந்தபோதுதான் இவனுக்குப் புரிந்திருக்கிறது. கம்புகளைக் கயிற்றால் கட்டித் தட்டு வைக்க ஒரு ஸ்டாண்ட், செருப்பு வைக்க ஒன்று என்று செய்திருந்தார்கள், க்ளோவ் ஹிட்ச் அங்கே வேலைக்கு வந்தது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமே இப்படித்தான். அதுவும் தண்ணீர் ஓரம்தான். சுமார் இருபது பையன்கள், நான்கு அணி. ஒவ்வொரு ராத்திரியும் ஓர் அணி முறைவைத்து மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை வாங்கிக்கொண்டு தனியாக ஓர் இடத்துக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு, காவல் போட்டு, அங்கேயே தங்க வேண்டும். ராத்திரியை வெட்டிவிட்டுப் பகலை மட்டும் வைத்துக்கொண்டால் அது டியூஷன் மாதிரி ஆகிவிடுகிறது, சொல்லித் தருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

சான்றிதழ் விஷயமும் ஒன்று உண்டு. சாரணர் முகாம் லாக் புக்கில் ஏறும், த்விதீய சோபான், திரிதீய சோபான் என்று சாரணர் தகுதி நிலைகளில் படிப்படியாகப் போய் ஆளுநர் கையால் தரும் ராஜ்ய புரஸ்கார் விருது வரை போகிற பிள்ளைக்கு அது வேண்டும். ரிசார்ட் கேம்ப் சான்றிதழ் வழவழப்பாக இருக்கும், ஃபைலில் வைக்கலாம்.

இனி குறைகள். கழிப்பறை வசதி மோசம். அவ்வளவு பேருக்கு அது போதாது, காலையில் வரிசை, ஒரு நாள் தண்ணீரும் நின்றுவிட்டது. இந்த விஷயத்தில் ரிசார்ட் பல படி மேல், பகல் முகாமில் பிரச்சினையே இல்லை. போன் கிடையாது, ராத்திரி ஆசிரியர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார், அதை வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். எனக்கு அது சுலபமாக இல்லை. துணி எல்லாம் ஈரமாக, மூட்டையாக வரும். ஆஸ்துமா, அடிக்கடி சளி இருக்கிற பிள்ளை என்றால் யோசித்து அனுப்புங்கள், ஈர டென்ட் அதற்கு ஒத்துவராது. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது என்றாலும், முகாமில் ராத்திரி வண்டி ஒன்று நிற்கிறதா, எத்தனை பெரியவர்கள் கூடத் தங்குகிறார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்னால் கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அனுப்பாதீர்கள், எந்த முகாமாக இருந்தாலும் சரி.

தேதியையும் பாருங்கள். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மலைப்பாதை நெரிசலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் முகாம் என்றால் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதுமே ஒரு நாள் வேலை. குப்பனூர் வழியாகவும் இறங்கலாம், சுற்றுதான். விழாவுக்கு முன்னால் வைக்கச் சொல்லிப் பெற்றோர்கள் சேர்ந்து கேட்டால் பள்ளியில் மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு, எங்களுக்கு அப்படித்தான் மாறியது.

பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் முகாம் எப்படி என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். என்னிடம் சொல்ல அனுபவம் இல்லை. கூடவே தங்கும் கைடு கேப்டனிடம், அதாவது சாரணியர் ஆசிரியையிடம், நேரில் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கள் சின்னவளுக்கு எட்டு வயது, நீலப்பறவைப் பருவம், அதாவது சாரணியருக்கு முந்தைய சின்னப் பெண் பிள்ளைகள் பிரிவு. அண்ணனைப் பார்த்து டென்ட் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். அவளை இப்போதைக்குப் பகல் முகாமில்தான் சேர்த்திருக்கிறோம். ராத்திரி என்ன செய்கிறாள் என்ற என் கேள்வி பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குத்தான். எட்டு வயதில் ராத்திரி தூங்கினால் போதும்.