முதலில் பேனா, அப்புறம் சாட்ஜிபிடி: வகுப்பறையில் பழகிப் பார்த்ததில் தெரிந்தது

கேள்விக்குப் பதில் எழுதித் தரும் ஏஐ கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. வேலூர்ப் பக்கம் அசைன்மென்ட்டுக்கு அதையும் கூகுளின் ஜெமினியையும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில், மாணவர் தானாக யோசிப்பாரா மாட்டாரா என்பது கருவியை எந்த நேரத்தில் திறக்கிறார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலிலேயே திறந்தால் கதை முடிந்தது. பாலாறு ஏன் கெட்டது என்று கேட்டால் தோல் தொழிற்சாலை, குரோமியம், உப்பு என்று ஐந்து பத்தி வரும். தப்பில்லை. ஆனால் மணல் அள்ளியது, ஊர்ச் சாக்கடை கலப்பது என்று அந்த ஐந்து பத்திக்கு வெளியே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

போனை ஓரம் வைத்துவிட்டு 15 நிமிடம், கையால் பத்து வரி எழுத வேண்டும்: ஒரு கருத்து, இரண்டு காரணம், எனக்குத் தெரியாதது என்று ஒரு வரி. பிறகு அதைக் கருவியிடம் கொடுத்து, "இது இன்னொருவர் எழுதியது, பலவீனமான இடம் மூன்றைக் காட்டு" என்று கேட்கலாம். "நான் எழுதினேன், சரியா?" என்றால் தலையாட்டிவிடும். மனிதர்களுக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் கொடுத்தே பழக்கியதால் வந்த குணம் இது. "நிச்சயமா?" என்று மிரட்டினால் சரியான பதிலைக்கூட மன்னிப்புக் கேட்டு மாற்றும்.

முதலாண்டு வகுப்புக்கு நல்ல சோதனை ஒன்று: "1806 வேலூர்ப் புரட்சிக்குக் கொழுப்பு தடவிய தோட்டா எப்படிக் காரணமானது?" தோட்டா 1857-க்கு உரியது. வேலூரில் பிரச்சினை புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறித் தடை, தாடி. கேள்வியிலேயே இருக்கும் பிழையைக் கருவி கண்டுபிடிக்கிறதா, அதற்கு முன்னால் மாணவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாம். கோட்டையைத் தினம் பஸ்ஸில் கடந்து போகிறவர்களே இதில் மாட்டுவார்கள்!

மேற்கோளில்தான் பெரிய ஆபத்து. தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையைக் கருவி சரியாகச் சொல்லும். ஆனால் அது தரும் பத்தி எண், நீதிபதி சொன்னதாகக் காட்டும் வாசகம் இரண்டும் கற்பனையாக இருக்கலாம். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிற இயந்திரம் அது. இணையத் தேடலை இயக்கினால் பிழை குறையும், ஒழியாது. இணைப்பைத் திறந்து தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் பழைய தகவலும் எட்டிப் பார்க்கும்: காவலூர் வானாய்வகம் இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.

தமிழில் கேட்டால் கலைச்சொல் தடுமாறுகிறது. ஆங்கிலத்தில் கேட்டு, சொந்தத் தமிழில் எழுதினால் புரியாத இடம் உடனே சிக்கும்.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பி மார்க்கைக் குறைப்பது அநியாயம். சொந்தமாக எழுதியவரையும் அது பிடித்துவிடும். மூன்று நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு போதும்: அவருடைய வரி ஒன்றைச் சுட்டி, இதை மறுக்கிறவர் என்ன சொல்வார் என்று கேளுங்கள்.