மூன்று ஏக்கர் கரிசலும் புரட்டாசிப் பட்டமும்: மக்காச்சோளமா, உளுந்தா, சோளமா?

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் கிணறில்லாத மூன்று ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டின் பெரிய முடிவு புரட்டாசியில் வருகிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. அதை நம்பி ஒரே ஒரு போகம். பருத்தியை இங்கே சேர்க்கவில்லை. எடுப்புக்கு ஆள் கிடைக்காமல் பல சிறு வீடுகள் அதைக் கைவிட்டுவிட்டன. மிச்சமிருக்கும் போட்டி மக்காச்சோளம், உளுந்து, சோளம் ஆகிய மூன்றுக்குள்தான்.

முதலில் பணம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு மக்காச்சோளம் 2,400 ரூபாய், உளுந்து 7,800 ரூபாய், கலப்பினச் சோளம் 3,699 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் உளுந்துதான் ராஜா. ஆனால் மானாவாரியில் மக்காச்சோளம் ஏக்கருக்கு 15 முதல் 20 குவிண்டால் வரை கண்டுவிடும். உளுந்து மூன்று, நான்கைத் தாண்டினால் ஊரே வந்து பார்க்கும். 18 குவிண்டால் மக்காச்சோளம் ஆதரவு விலைக்குப் போனால் 43,200 ரூபாய். மூன்றரை குவிண்டால் உளுந்து 27,300 ரூபாய். நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனமும் இப்போது எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தை விழுங்கக் காத்திருக்கின்றன. கரிசல் மஞ்சளாக மாறியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கணக்கில் செலவு இல்லை. மக்காச்சோளத்துக்கு வீரிய விதையை ஆண்டுதோறும் கடையில்தான் வாங்க வேண்டும். அடியுரம், மேலுரம் இரண்டும் வேண்டும். 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு குருத்துக்குள் உட்கார்ந்துகொள்வதால் மருந்துச் செலவும் நிரந்தரமாகிவிட்டது. விதையையும் உரத்தையும் கடனுக்குக் கொடுத்தவரிடமே விளைச்சலையும் போட வேண்டியிருந்தால், விலையைப் பற்றிப் பேசும் வாய் நமக்கு இருக்காது. ஆதரவு விலை அப்போது காகிதத்தில் இருக்கும். உளுந்துக்கு ஏக்கருக்கு எட்டு கிலோ விதை போதும். போன ஆண்டு விதையை எடுத்துவைத்திருந்தால் அந்தச் செலவும் இல்லை. பூக்கும்போது இரண்டு சதவீத டிஏபி உரக் கரைசலை இருமுறை தெளிப்பதுதான் அதற்குப் பெரிய உபசரிப்பு.

மழை தவறும் விதத்தைப் பொறுத்து மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. உளுந்துக்கு 65 முதல் 75 நாள். மழை முன்கூட்டியே நின்றுவிட்டாலும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் நெற்று முற்றும் மார்கழியில் மழை பிடித்தால் நெற்றுக்குள்ளேயே பயறு முளைத்துவிடும். மஞ்சள் தேமல் நோய் தனித் தொல்லை. வெள்ளை ஈ பரப்புகிறது. அதனால்தான் தேமலைத் தாங்கும், வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ரகங்களைத் தேடிப் போகிறார்கள். மக்காச்சோளத்துக்கு 100 நாளுக்கு மேல் வேண்டும், பயிர் முழங்கால் உயரம் வளர்வதற்குள் தண்ணீர் தேங்கினால் செத்துவிடும், பூக்கும்போது மண் காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மாவட்டம் இது. மழை சராசரியை நம்பிக் கணக்குப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. தாங்கும் குணத்தில் சோளத்தை மிஞ்ச ஆளில்லை. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்துவிடலாம். தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல், நல்ல மழைக்காகக் காத்துக் கிடக்கும்.

சோளத்தின் குறை விலையில் இல்லை, குருவியில் இருக்கிறது. பால் பிடிக்கும் நாளிலிருந்து காலையும் மாலையும் ஒருவர் காட்டில் நிற்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் தீப்பெட்டி ஆலைக்கும் போகும் வீட்டில் அது யார்? ஆனால் மாடு இருந்தால் கணக்கே வேறு. சோளத்தட்டையைப் படப்பாக அடுக்கிவிட்டால் கோடை முழுக்கத் தீவனத்துக்குக் கவலையில்லை. மக்காச்சோளத் தட்டையை மாடு அவ்வளவு விரும்பித் தின்பதில்லை. பூக்காத இளஞ்சோளத்தை மட்டும் மாடு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் நஞ்சு உண்டு, வாடிய பயிரில் இன்னும் கூடுதல்.

யாரும் கணக்கில் எழுதாத ஒன்று அடுக்களைக்குப் போகிற பங்கு. உளுந்துக் காட்டில் வரப்போரம் தட்டைப்பயறு, மொச்சை போடலாம். ஐப்பசி மழைக்குத் தானாக முளைக்கும் தொய்யக்கீரையைக் களை எடுக்கும்போதே மடியில் கட்டிக்கொண்டு வரலாம். பொங்கலுக்குப் புது உளுந்தும் கருப்பட்டியும் சேர்ந்தால் களி. மக்காச்சோளத்தில் விதைத்த சில நாளில் அட்ரசின் களைக்கொல்லி அடிப்பது வழக்கமாகிவிட்டது. அது புல்லோடு சேர்த்துக் கீரையையும் பயறு வகைகளையும் அழிக்கிறது. 18 குவிண்டால் விளைந்த வீட்டில் கீரையைச் சந்தையில் வாங்குகிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், மாடு இருக்கும் வீடு ஒரு ஏக்கர் சோளமும் இரண்டு ஏக்கர் உளுந்தும் போடலாம். மறு ஆண்டு இடத்தை மாற்றிக்கொண்டால், உளுந்து வேரில் சேர்த்த தழைச்சத்து சோளத்துக்குக் கிடைக்கும். மாடும் ஆளும் இல்லாத வீட்டுக்கு, கையில் சொந்தப் பணம் இருந்தால் மட்டும், மக்காச்சோளம் சரி. அதிலும் மூன்று ஏக்கரையும் கொடுக்க மாட்டேன். காட்டுப்பன்றி வரும் ஓடையோர நிலமென்றால் ஒரு சென்ட்கூட வேண்டாம். போட்டே தீருவேன் என்பவர்கள் ஊடுபயிராக உளுந்தைச் சேர்த்து, ஓரத்தில் தட்டைப்பயறும் எள்ளும் சுற்றி விதைக்கட்டும். படைப்புழுவைத் தின்னும் பூச்சிகளுக்கு அங்கே இடம் கிடைக்கும். அப்போது அட்ரசின் டப்பாவைத் தொடக் கூடாது. களை எடுக்க ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும்.