கனடாவின் சுயாதீன மதிப்பீட்டுச் செயன்முறை: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்குப் பல வருடங்களாகப் படிவம் நிரப்பிக் கொடுத்துவரும் எனக்கு, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் துன்புறுத்தப்பட்ட மாணவர்களின் முறைப்பாடுகளை விசாரித்த இந்தச் செயன்முறையில் முதலில் கண்ணில் பட்டது அதன் விசாரணை அறைதான்.

முன்னாள் மாணவர்கள் தரப்பு அரசாங்கத்துடன் செய்து 2007இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் கீழ் 38,000க்கும் அதிகமான விண்ணப்பங்கள் பெறப்பட்டு, 3 பில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு வழங்கப்பட்டு, 2021இல் பணி முடிந்தது. அந்த அறையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்ய முடியாது; கேள்வி கேட்பவர் தீர்ப்பாளர் ஒருவரே. குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் தரப்பைத் தனியாகச் சொல்லலாம், ஆனால் முறைப்பாட்டாளரின் முன்னால் வந்து அமர முடியாது. பக்கத்தில் குடும்பத்தவரோ சமூகத்து மூத்தவரோ இருக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் உண்டு.

இதை வாசித்தபோது, இங்கே ஓர் அலுவலகத்தில் நான் கூட்டிச்சென்ற அம்மா ஒருவரை நினைத்தேன். அதிகாரி கோப்பிலிருந்து தலை தூக்காமலே, மகன் அன்று என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார் என்று கேட்டார். “நாலாந்தரம் கேக்கிறியள் ஐயா, நீலம் எண்டு எல்லாத்திலயும் எழுதிக் கிடக்கு” என்றவரின் விரல்கள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தன.

ஆனாலும் முழு மனதுடன் பாராட்ட முடியவில்லை. பட்ட கொடுமைக்கும் அதனால் வந்த பாதிப்புக்கும் அட்டவணைப்படி புள்ளியிட்டுப் பணம் கணக்கிட்டதை என்னால் ஏற்க முடியாது. ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைப் புள்ளியாக்குவது, எத்தனை நேர்மையாகச் செய்தாலும், மீண்டும் ஒரு காயம். அதைவிடப் பெரிய குறை ஒன்டாரியோவின் சென் ஆன்ஸ் பாடசாலை விடயத்தில் நடந்தது: அங்கு நடந்த கொடுமைகள் குறித்துப் பொலிஸார் முன்னரே திரட்டிய ஆவணங்களை அரசாங்கம் கையில் வைத்துக்கொண்டே விசாரணைகளுக்குக் கொடுக்காமல் இருந்தது, 2014இல் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகே அவை வெளிவந்தன. மாலையில் வீடு திரும்பும் பகல் பாடசாலை மாணவர்களும் பொதுவாக இதற்குள் அடங்கவில்லை. அவர்களுக்கான தனி உடன்படிக்கை 2019வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பெறுமதியாகப் பட்டது, சாட்சியங்களைப் பற்றி 2017இல் கனடிய உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். சொன்னவர் விரும்பினால் அவருடைய சாட்சியம் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். விரும்பாவிட்டால் 15 வருடங்களின் பின் அழிக்கப்படும். முடிவு அவருடையது. அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த நான்கு சத்தியக்கடதாசிகளும் இப்போது எந்த அலுமாரியில் இருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.