ஓப்பன்சிம், மூஜோகோ, ஸ்கோன்: ரிஃப்ளெக்ஸ் பாக்கணும்னா எது?

மனுஷ உடம்ப தசை, எலும்பு, மூட்டோட கம்ப்யூட்டர்ல அசைய வச்சுப் பாக்க உதவுற சாஃப்ட்வேர்தான் இந்த மூணும். இந்த வேலையில இறங்குற எல்லாரும் முதல்ல கேக்குறது எது ஃபாஸ்ட்டுன்னுதான். ஆனா ரிஃப்ளெக்ஸ, அதாவது யோசிக்காமலே உடம்பு எப்படி உணர்ந்து அசைவ கன்ட்ரோல் பண்ணுதுன்னு பாக்கணும்னா ஸ்பீட விட டெண்டனும் (தசைய எலும்போட இணைக்குற நாண்) டிலேயும்தான் (நரம்பு சிக்னல் போய்ச் சேர ஆகுற நேரம்) முக்கியம்.

ஓப்பன்சிம் 2007ல ஸ்டான்ஃபோர்டுல ஸ்காட் டெல்ப் டீம் வெளியிட்டது. கையில மோஷன் கேப்சர் டேட்டாவும் (உடம்போட அசைவ அளந்தது) ஃபோர்ஸ் பிளேட் டேட்டாவும் (பாதம் தரைய அழுத்துற விசைய அளந்தது) இருக்கு, எந்த தசை எவ்வளவு இழுத்துச்சுன்னு கணக்குப் போடணும்னா வேற எதையும் தேட வேண்டாம். ஆனா லட்சக்கணக்குல ட்ரையல் ஓட்டி ஏஐக்கு நடக்கக் கத்துக்கொடுக்கப் போனா பொறுமை போயிடும்.

அங்கதான் மூஜோகோ, வேகமா ஓடுற ஒரு ஃபிசிக்ஸ் எஞ்சின். 2021ல கூகுளோட ஏஐ கம்பெனி டீப்மைண்ட் வாங்கி மறுவருஷமே ஓப்பன் சோர்ஸ் ஆக்கிட்டாங்க. இது மேல ஓடுற மயோசூட்ங்கற தசை மாடல் தொகுப்புல 39 தசை, 23 மூட்டுன்னு ஒரு கை மாடல் இருக்கு, உள்ளங்கையில ரெண்டு பந்த உருட்டுறத எல்லாம் கத்துக்குது, பாக்கவே செம்மயா இருக்கும்.

ஆனா ஒரு வில்லங்கம், மூஜோகோ தசையில டெண்டன் நீளாது. நாம நடக்கும்போது பாதம் தரையில ஊனி உடம்பு முன்னாடி போற நேரத்துல கெண்டைக்கால் தசை நார் கிட்டத்தட்ட அதே நீளத்துல நிக்கும், நீளுறது குதிகால் டெண்டன்தான். நீளத்த உணர்ற மசில் ஸ்பிண்டில் இருக்கறதோ தசை நாருக்குள்ள. டெண்டன் விறைப்பா இருந்தா கணுக்கால் மடங்குற அளவுக்கு நாரும் நீளுதுன்னு மாடல் நினைச்சுக்கும், தண்டுவடத்துக்குப் போற சிக்னலே தப்பாயிடும். (ஓப்பன்சிம்லயும் ஸ்பீடுக்காக டெண்டன விறைப்பாக்கி ஓட்டுறவங்க உண்டு, அப்ப ரெண்டும் ஒண்ணுதான்.)

ரிஃப்ளெக்ஸ்தான் கேள்வின்னா என் ஓட்டு ஸ்கோனுக்கு. 2010ல கையர், ஹெர்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட நடை மாடல்ல இடுப்புக்கு 5, முழங்காலுக்கு 10, கணுக்காலுக்கு 20 மில்லிசெகண்ட்னு தூரத்துக்கேத்த டிலே வச்சிருந்தாங்க, அந்த மாதிரி கன்ட்ரோலர (எந்த தசை எப்ப இழுக்கணும்னு முடிவு பண்றது) ஸ்கோன்ல நேரடியா எழுதலாம். ஸ்கோன் ஃப்ரீ, ஓப்பன்சிம் மேலயே ஓடும். வேகத்துக்கு ஹைஃபிடின்னு ஒரு எஞ்சின் இருக்கு, டெண்டனும் நீளும், ஆனா லைசென்ஸ் வாங்கணும்.

இல்ல மயோசூட்டேதான் வேணும்னா சென்சார் டேட்டாவ ஒரு பஃபர்ல (தற்காலிகமா தேக்கி வைக்குற இடம்) போட்டு 20 மில்லிசெகண்ட் லேட்டா பாலிசிக்குக் (தசைகள ஓட்டக் கத்துக்கிட்ட ஏஐ) கொடுங்க, டிலே இல்லாமலே ட்ரெயின் ஆனது தடுமாறுதா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிடும்.