நியூட்டன் தேன்பெட்டி: எல்லாம் சரி, அந்த இடைவெளியைத் தவிர

ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைக்க ஆசைப்படும் நண்பர் ஒருவர், இரண்டு பெட்டி வகைகளில் நியூட்டன் வாங்கலாமா, லாங்ஸ்ட்ராத் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். குமரி மாவட்டத்தில் பல வருஷமாக நியூட்டனோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் நாட்டு ஈயான அடுக்குத் தேனீ வளர்ப்பதென்றால் லாங்ஸ்ட்ராத் பேச்சே வேண்டாம். அது இத்தாலிய ஈக்கானது, ஈ அடை கட்டும் மரச்சட்டத்தின் மேல்கட்டையே 19 அங்குலம். நம் ஈயின் கூட்டம் சிறியது. அதற்குள் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும், மிச்ச இடத்தில் அடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும். திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1910களில் நம் ஈக்கென்றே வடிவமைத்த பெட்டியில், கீழே புழு வளரும் புழு அறைச் சட்டத்தின் உள்ளளவு 8¼ அங்குலத்துக்கு 5¾. மேலே தேன் சேரும் தேன் அறைச் சட்டத்தின் உயரம் அதில் பாதிகூட இல்லை. சீக்கிரம் நிறையும், தேன் நிறைந்த பிறகும் முதுகு வலிக்காமல் தூக்கலாம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை, விற்பனைக்கு வரும் பெட்டிகளில். புழு அறைச் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் தேன் அறைச் சட்டத்தின் அடிக்கும் நடுவே ஈ நடமாட ஏழெட்டு மில்லிமீட்டர் போதும். 1851இல் அந்தப் பெட்டியைச் செய்த அமெரிக்கர் லாங்ஸ்ட்ராத் கண்டுகொண்ட சங்கதி இது: இடைவெளி அளவோடு இருந்தால் ஈ அதை வழியாக விட்டுவைக்கும், கூடினால் அடை கட்டி அடைத்துவிடும். நான் கடைசியாக வாங்கிய பெட்டிகளில் அது அரை அங்குலத்துக்கும் மேல். தேன் அறையைத் தூக்கினால் கீழ்ச்சட்டமும் ஒட்டிக்கொண்டே எழும்பி, பாதியில் பிய்ந்து விழும். நடுவில் கட்டியிருந்த அடை கிழிந்து, வெள்ளை வெள்ளையாக ஆண் ஈப் புழுக்கள் தேனில் மிதக்கும். அப்புறம் எறும்பு. அதற்கப்புறம் கூட்டமே பெட்டியை விட்டு ஓடும். நம் ஈக்கு அந்த ரோஷம் அதிகம்.

இன்னொன்று, நம் ஈ இத்தாலிய ஈயைப் போல பிசின் கொண்டுவந்து பலகை இடுக்கைப் பூசாது. மூட்டு விலகினால் விலகினதுதான். மழைக்காலத்தில் பலகை ஊதி, வெயிலில் சுருங்கி, அந்து நுழைய வழி திறந்துவிடும். விலை குறைவென்று பதப்படுத்தாத ரப்பர் பலகையில் செய்து தருகிறார்கள். பூசணமும் வண்டும் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். அயனி மரப் பலகை கொஞ்சம் கனம்தான், ஆனால் என் பழைய பெட்டிகள் அதில் செய்தவை, இன்னும் அசையாமல் நிற்கின்றன.

போன வாரம் ஆசாரியை வரவழைத்து, தேன் அறைகளின் அடிவிளிம்பை இழைப்புளியால் சீவி இறக்கினோம். இனி ஒட்டாது என்று நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய புதுப் பெட்டிக்கு மறுபடி தச்சுக்கூலி என்பதுதான் எரிச்சல். அதைவிட, ஒரு பட்டறைச் சட்டம் அடுத்த பட்டறைப் பெட்டியில் உட்காராது. கேட்டால் எல்லோரும் நியூட்டன் அளவு என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே நண்பரே, இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்பேன். நானோ ஜனவரியில் ரப்பர் தளிர்த்துத் தேன் சுரப்பதற்குள் வேண்டுமென்று இன்னும் சில நியூட்டனுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன், அயனியில். மீறி நீங்களும் வாங்கப் போனால் பையில் ஒரு பென்சிலை எடுத்துப் போங்கள். இரண்டு அறைச் சட்டங்களுக்கும் நடுவே அது படுத்தபடி நுழைய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நுழைந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.