கார்ட்ரிட்ஜா, துணிப்பையா? தூசி சேகரிப்பான் வாங்கும் முன்

பட்டறைத் தூசியை உறிஞ்சி வடிகட்டும் இயந்திரம்தான் தூசி சேகரிப்பான். அதன் ஃபில்டர் இரண்டு வகை: மடிப்பு மடிப்பான உருளை கார்ட்ரிட்ஜ், நீளமான துணிப்பை. வேலை இரண்டிலும் ஒன்றுதான். தூசிக் காற்று ஃபில்டர் வழியே போகும், தூசி வெளிப்பக்கம் படியும். உள்ளிருந்து அமுக்கக் காற்று ஒரு நொடிகூட இல்லாமல் ‘டப்’பென்று அடிக்க, படிந்தது உதிர்ந்து கீழே விழும்.

இடம்: கார்ட்ரிட்ஜ் விசிறி மடிப்பு, சின்னப் பெட்டிக்குள் பெரிய பரப்பு. பைக்கு உயரமான கூடு வேண்டும்.

தூசி: வெல்டிங் புகை போன்ற நுண்ணிய, உலர்ந்த தூசிக்குக் கார்ட்ரிட்ஜ். நாரோ பிசுபிசுப்போ இருந்தால் மடிப்புக்குள் அப்பிக்கொள்ளும், எத்தனை அடி அடித்தாலும் வராது. அங்கே பைதான்.

சூடு: கண்ணாடி இழைப் பை 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சாதாரணக் காகிதக் கார்ட்ரிட்ஜ் 100-ஐக்கூடத் தாண்டாது.

மாற்றுவது: கார்ட்ரிட்ஜைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே கழற்றலாம். பை மாற்றியவரைத் தூசி படிந்த முடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

லேசர் வெட்டு, பவுடர் கோட்டிங் (பொடி வண்ணப் பூச்சு) பட்டறையா, கார்ட்ரிட்ஜ். சிமென்ட், உலை என்றால் பை.